கையைக் கட்டிக்கொண்டு நில், கண்ணு

முதல் கிட்டை வாங்கிவிட்டாய். நாலைந்து அக்ரிலிக் புட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறாய். நிப்பரைப் பிடிக்கவும் பெயிண்டைக் கரைக்கவும் உன் கை ஒரு மாதத்தில் பழகிவிடும். அந்தக் கையை வேலையிலிருந்து எப்போது எடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் வருஷங்கள் பிடிக்கும். இத்தனை காலத்தில் கெட்டுப்போய் நான் பார்த்த மாடல் கார்களில் பெரும்பாலானவை பொறுக்கமாட்டாமல் தொட்டதால் கெட்டவை. ஆகவே நான் சொல்லப்போவதில் வண்ண வித்தை குறைவாகவும் பொறுமைப் பேச்சு அதிகமாகவும் இருக்கும். சலித்துக்கொள்ளாமல் கேள்.

1. மனசுக்குப் பிடித்த வண்டியைக் கட்டு. ஆனால் சின்ன கிட்டாக எடு. இன்ஜின் முழுக்க ஒயரோடு வரும் கிட்டைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதெல்லாம் ஐந்தாறு வண்டி கட்டிய பிறகு. ஹெரால்ட் கார் ஞாபகம் இருக்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் பேர். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த அந்த வண்டியை இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்தார். 1961 முதல் அதுவே ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகச் சென்னையில் தயாராயிற்று. அதற்கு ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/32 அளவில் ஒரு கிட் போட்டது. முழு வண்டியும் சுமார் 12 சென்டிமீட்டர்தான், பாகங்களும் கொஞ்சம்தான். என் நண்பர் ஒருவர் தன் அப்பா ஓட்டிய வண்டி என்பதற்காக அதை எடுத்துக் கட்டினார். அதைவிட நுணுக்கமான கிட்டுகள் அவர் அலமாரியில் இருந்தன. எதுவும் அந்த ஹெரால்ட் அளவுக்கு வரவில்லை, ஏனென்றால் வேறு எந்த வண்டிக்காகவும் அவர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பிரியம் இருந்தால் பொறுமை தானாக வரும்.

2. பெயிண்ட் புட்டியைத் திறப்பதற்கு முன் நிஜக் காரைப் போய்ப் பார். கோவையில் அவிநாசி சாலையில் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது. அங்கே போனால் செல்ஃபி எடுப்பதோடு நிறுத்திவிடாதே. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார். தெருவில் நிற்கும் எந்தக் காரிலும் இதைப் பார்க்கலாம். அந்தச் சந்து 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். 1/24 அளவில் அது 0.17 மில்லிமீட்டர் ஆகிவிடும். நீ பெயிண்டைத் தடியாகப் பூசினால் முதலில் மறைவது அந்தக் கோடுதான். கோடு மறைந்தால் கதவே இல்லாத வண்டி ஆகிவிடும். உலோகப் பொடி கலந்த நிறங்களிலும் இதே கதைதான். பெரிய காரில் மினுங்கும் பொடி சின்னக் காரில் மணல் அளவுக்குத் தெரியும். மாடலுக்கென்று நுண்ணிய பொடியோடு தயாரித்ததாகப் பார்த்து வாங்கு. கண்ணுக்குப் பழக்கம் கொடுத்தவன் கையை வீணாக அலைக்கழிக்க மாட்டான்.

3. மினுங்காத வேலையை மனசாரச் செய். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடு. அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தைத் திருகிப் பிடுங்காதே. நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டு, மிச்சத்தைப் பிறகு சீவு. கூரையின் மேலும் மட்கார்டு ஓரத்திலும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல நிறம் அடித்தாலும் பிளாஸ்டிக் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரை வரிசையாக மாற்றித் தேய்.

எனக்கு இதில் குரு ஒரு ஒர்க்‌ஷாப் பெயிண்டர். நிஜக் கார்களுக்கு வண்ணமடித்த மனுஷர். பட்டி பார்த்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார், பிறகு கண்ணைத் தகரத்தின் மட்டத்துக்கு இறக்கி, மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் எங்கே நெளிகிறது என்று தேடுவார். நெளிந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். வட்டம் இருக்கும்வரை பெயிண்ட் டப்பா திறக்கப்படாது. முதலாளி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். நீயும் சாம்பல் நிறப் பிரைமரை மெல்ல ஒரு கோட் அடித்து, விளக்குக்குக் கீழே வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார். கீறலும் குழியும் அப்போதுதான் வெளியே வரும். தேய்த்துவிட்டு மறுபடி பிரைமர் அடி. இதை இரண்டு முறை செய்ய நேர்ந்தால் முகம் சுளிக்காதே.

4. அக்ரிலிக் சொல்வதை அப்படியே நம்பாதே. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், கண்ணு.

டாமியா புட்டியில் வருவது ஆல்கஹால் சேர்ந்த வகை. எக்ஸ் வரிசை பளபளப்பு, எக்ஸ்எஃப் வரிசை மங்கல். அதற்கென்றே உள்ள தின்னரில் கரைத்து ஏர்பிரஷ்ஷில் அடித்தால் அருமையாக உட்காரும். பிரஷ்ஷால் பூசினாலோ பாதி வழியிலேயே காயத் தொடங்கிவிடும். அதே இடத்தில் இன்னொரு முறை இழுத்தால் முன்பு பூசியதையும் வாரிக்கொண்டு வரும். வல்லேஹோ மாதிரியானவை தண்ணீரில் கரைபவை, பிரஷ்ஷுக்குச் சாதுவானவை. சீட், டாஷ்போர்டு, சேஸிஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். பாடிக்கு ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. பால் பதத்தில் கரைத்து, காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ வைத்து அடி. முதல் கோட் அடியில் உள்ள பிரைமர் தெரியும்படி புகைபோல விழட்டும். அதிலேயே நிறம் வந்துவிட வேண்டும் என்று நினைக்காதே. இரண்டாவது, மூன்றாவதில் நிறம் கூடும். மஞ்சளும் சிவப்பும் இன்னும் சோம்பேறிகள்; அவற்றுக்குக் கீழே வெள்ளைப் பிரைமர் போட்டால்தான் முகம் மலரும்.

இதெல்லாம் வித்தை. குணம் தேவைப்படுவது இதற்கப்புறம். அடித்த கால்மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டாது. காய்ந்துவிட்டது என்று அது சொல்லும். மேலே காய்ந்தது உண்மை; அடியில் இன்னும் இளகிக் கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண் பீட்டில் கார் ஒன்றைக் கட்டினாள். மஞ்சள் நிறம், ஒரு சொட்டு வழியாமல் அற்புதமாக அடித்திருந்தாள். ஆசை தாங்காமல் அன்று சாயங்காலமே பருத்தித் துணியில் சுற்றி என்னிடம் காட்ட எடுத்து வந்தாள். பிரித்துப் பார்த்தால், கூரை முழுவதும் துணியின் நெசவு இழை இழையாகப் பதிந்திருந்தது. அழவில்லை அந்தப் பெண். நன்றாகக் காயும்வரை வண்டியை அப்படியே எடுத்து வைத்து, பிறகு கூரையை மட்டும் நீர் தொட்டுத் தேய்த்து மறுபடி அடித்தாள். இன்று அவள் கட்டும் வண்டிகளின் பளபளப்பு எனக்கு வராது. காய்ந்ததா என்று விரலால் பார்க்காதே. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார். பெயிண்ட் வாடை கொஞ்சமாவது அடித்தால் இன்னும் உள்ளே ஈரம் போகவில்லை. பாடியை ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார். பதறாத காரியம் சிதறாது.

5. பருவம் பார்த்து அடி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கோவையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயிண்ட் அடித்தால் பாடியின் மேல் தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும். என் குரு அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பார், தூசி எழாமல் அடங்குவதற்காக. சின்ன அறையிலும் இது பலிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு விதத்தில் படுத்தும்: காற்றிலுள்ள ஈரத்தால் பளபளப்பு நிறம் வெளிறி மங்கிவிடலாம், காய்வதற்கும் இரண்டு மடங்கு நாள் இழுக்கும். வானம் மூட்டமாக இருந்தால் அன்று பாடியைத் தொடாதே. சீட்டுக்கு பிரஷ் எடு, சக்கரத்தைச் சீவு. வேலை எப்போதும் இருக்கிறது. அன்றைக்கு எது முடியுமோ அதைச் செய்வதுதான் விவேகம்.

6. எதன் மேல் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அடி. அக்ரிலிக் மேல் எனாமல் வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த எனாமலை, ஓடவிட்டுக் கதவுக் கோடுகளைக் கறுப்பாக்கலாம். இரண்டும் கரைவது வேறு வேறு திரவத்தில் என்பதால் கீழே உள்ளது கலங்காது. ஆனால் பெயிண்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால், இறுக்கமாக ஒட்டிய இடங்களில் விரிசல் விடும். அக்ரிலிக் மேல் லாக்கர் கிளியரைக் கொட்டினால் அடியிலிருக்கும் நிறமே சுருண்டு எழும்பக்கூடும். எந்தச் சேர்க்கையானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார். ஸ்பூனின் முதுகும் காரின் மட்கார்டும் ஒரே வளைவு. கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதே. வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டவர்களின் வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

7. கெட்டுப்போனால் உடனே சரிசெய்யப் போகாதே. பெயிண்ட் ஒரு இடத்தில் வழிந்துவிட்டது, அல்லது ஒரு பிரஷ் ரோமம் ஒட்டிக்கொண்டது என்று வை. அந்த நிமிஷம் கை தானாக நீளும். ரோமத்தை எடுக்கப் போய் ஒரு அங்குலத்துக்குத் தடம் போட்டுவிடுவாய். அதை மறைக்க இன்னொரு கோட் அடிப்பாய், அது வழியும். ஒரு ரோமத்தால் வந்த கஷ்டம் அரைக் கூரைக்குப் பரவும். கையைக் கட்டிக்கொண்டு நில். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்தால் அந்த இடமே தெரியாது. முற்றிலும் கெட்டாலும் உலகம் இடிந்துவிடாது: மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாடியை ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வந்துவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அடுப்புப் பக்கம் மட்டும் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதே. அக்ரிலிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மன்னிக்கும் குணம்தான்.

8. உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீரில் கரையும் பெயிண்ட்தானே என்று மாஸ்க் இல்லாமல் ஏர்பிரஷ் அடிக்காதே. பொடியாகப் பறப்பது எதுவானாலும் நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டம் வேண்டும். பிளேடு மொண்ணையானால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வழுக்கும். புது பிளேடு மாற்றக் கஞ்சத்தனம் பார்க்காதே. தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படு.

9. கண்ணில் படாத இடத்துக்கு எவ்வளவு உழைப்பது என்பதில் உனக்கென ஒரு நியாயம் வைத்துக்கொள். யாரும் பார்க்காத இடத்தையும் குறையில்லாமல் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சீட்டுக்கு அடியிலேயே பொறுமை முழுவதையும் செலவழித்துவிட்டு, கடைசியில் ஜன்னல் ரப்பர் ஓரத்துக்குக் கறுப்பு அடிக்கும்போது கை நடுங்கிக் கோணலாக விட்ட பலரை எனக்குத் தெரியும். மனுஷனின் கவனம் அளவானது. ஜன்னல் வழியாகத் தெரிவது ஸ்டியரிங், டாஷ்போர்டின் மேல்பக்கம், சீட்டின் முதுகு. உன் கவனத்தை அங்கே கொடு. அடிப்பகுதிக்குச் சுத்தமாக ஒரு மங்கல் கறுப்பு அடித்தால் அது மரியாதையான வேலை. ஆனால் ஒன்று: தப்பாக ஒட்டிய பாகத்தை, உள்ளேதானே இருக்கிறது என்று மூடிவிடாதே. சக்கர அச்சு கால் மில்லிமீட்டர் சாய்ந்து ஒட்டினாலும் பின்னால் நாலு சக்கரமும் தரையில் படாது. மறைத்த தப்பு வண்டியை மேஜையில் வைத்ததும் ஆடிக்காட்டும்.

10. மற்றவர் வேலையைப் பார்த்துப் பொருமாதே. எப்படிச் செய்தார் என்று பார். இங்கிலாந்தில் ஜெரால்ட் விங்ரோவ் என்று ஒருவர், கிட் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பாகமாகத் தானே செய்து கார் கட்டினார். கம்பிச் சக்கரத்தின் கம்பிகளைக்கூடத் தானே கோத்தார். அவர் படங்களைப் பார்த்துவிட்டு உன் வேலையை ஒப்பிட்டால் நிப்பரைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். ஒப்பிடாதே, ஒரு சக்கரத்தை மட்டும் எடுத்து, இதை எந்த வரிசையில் செய்திருப்பார் என்று யோசி. அது உனக்கு உதவும்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி நிறுவனம் 1930-இலிருந்து 1968 வரை பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச் வண்டியைச் சின்ன அளவில் செய்யச் சொன்னார்கள். பிறகு 1/12 அளவில் தாங்களே கற்பனை செய்த கார்கள். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பணம். 1947-இல் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற இளைஞர் பின்னால் 1986-இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். எத்தனையோ பையன்கள் பள்ளி விட்டு வந்து மாதக்கணக்கில் மரத்தையும் பிளாஸ்டரையும் சீவித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார்கள், ஜெயித்தவர்கள் சிலர்தான். மற்றவர்களின் கைக்கு வந்த பொறுமையை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. உன் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவள் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடு.

11. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கு. வாங்குவது கட்டுவதைவிடச் சுலபம். அதனால் அலமாரி நிறையும், மேஜை காலியாகவே இருக்கும். கிட்டும் பெட்டியிலேயே பத்திரமாக இருந்துவிடாது. பழைய கிட்டுகள் சிலவற்றில் வினைல் டயர்களிலிருந்து கசியும் ரசாயனம், கூடவே உரசிக் கிடக்கும் பிளாஸ்டிக்கை இளக்கித் தடம் போட்டுவிடும். கண்ணாடிப் பாகத்தின் மேல் டயர் அழுந்திக் கிடந்த பெட்டி ஒன்றை ஒரு அன்பர் என்னிடம் காட்டினார். ஆசையாகச் சேர்த்தவர், திறக்கவே மனசு வராமல் வைத்திருந்தவர். வின்ட்ஷீல்டின் குறுக்கே வளையம் வளையமாக உருகியிருந்தது. நீ உடனே கட்டாவிட்டாலும் டயர்களைத் தனி உறையில் போட்டு வை.

முடிக்கும் கட்டத்தில்தான் அவசரம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியை ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டாதே. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும், துடைத்தால் போகாது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் நிறம் தெரியாது, பிசிறினாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பிடித்துக்கொள்ள நேரமாகும்தான். ஆகட்டும்.

12. ஒரு நோட்டு வைத்துக்கொள். எந்த நிறம், தின்னர் எத்தனை சொட்டு, அன்று மழையா வெயிலா, எத்தனை நாள் காயவிட்டாய் என்று எழுது. அடுத்த வருஷம் மட்கார்டில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் அதே நிறத்தைக் கலக்க அந்தப் பக்கம்தான் உதவும். கூடவே மிஞ்சும் ஸ்ப்ரூ துண்டுகளையும், உபயோகிக்காத மிரர், ஹெட்லைட்டுகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து வை. ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் ரேடியோ ஏரியலுக்கு ஏற்ற மெல்லிய கம்பி கிடைக்கும். வீட்டுக்கு வரும் குழந்தை உன் காரைக் கையில் எடுத்துப் பார்க்கக் கேட்டால் கொடு. மிரர் உடையலாம். டப்பாவில் இன்னொன்று இருக்கிறது, நிறம் எது என்று நோட்டில் இருக்கிறது. ஒரு சாயங்காலத்தில் ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிடலாம்.